பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

நம் 11ஆம் குரோமோசோமில் எம்ஒய்பிபிசி3 என்றொரு மரபணு இருக்கிறது. இதயத் தசைக்கு வேண்டிய ஒரு புரதம் அதைப் பார்த்துத்தான் உருவாகிறது. இந்தத் துணைக்கண்டத்து மக்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால் சுமார் 4 பேருக்கு, அந்த மரபணுவை எழுதியிருக்கும் டிஎன்ஏ எழுத்துகளில் 25 விடுபட்டிருக்கும். ஐரோப்பியர்களிடம் இதைக் காண்பது அரிது. அப்படி விடுபட்டவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு அதிகம் என்று 2009இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் குழுவில் மதுரை, ஹைதராபாத் ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, 2018இல், வேறொரு ஆய்வு அந்தப் பயத்தைக் கொஞ்சம் தணித்தது. 25 எழுத்து விடுபட்ட எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை, அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் கூடவே இருக்கும் சிறு பகுதியினரிடம்தான் இதயத்தில் கோளாறு தென்படுகிறது என்று அது காட்டியது. நூற்றுக்கு நான்கு பேர் என்றால் இந்தியாவில் மட்டும் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலானோரின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பயம், கூடுதலான மனிதர்களின் தரவை மறுபடி அலசிப் பார்த்ததால் விலகியது.

அதே 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய் உள்ள ஒருவரின் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்மை, 'மரபணுக் கோளாறுகளுக்குப் பணம் தர மாட்டோம்' என்ற ஒரு வரியைக் காட்டி நிராகரித்திருந்தார்கள். அப்படிப் பொத்தாம்பொதுவாக மரபணுவைக் காரணம் காட்டி ஒதுக்குவது பாகுபாடு என்றது நீதிமன்றம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் மார்ச் மாதத்தில், அந்த வரியை வைத்து க்ளெய்ம்களை மறுக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு எழுதியது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஒரே மரபணுத் தகவல்தான். ஆய்வாளர் கையில் இருக்கும்போது ஒரு மருந்துக்கான தொடக்கம், காப்பீட்டு அலுவலகத்தின் கையில் இருக்கும்போது ஒரு குடும்பத்தைக் கைவிடுவதற்கான சாக்கு. மரபணுத் தரவோடு வேலை செய்யும் எனக்குத் தினமும் மனதில் ஓடுவது இதுதான். இந்தத் தரவை இன்னும் நிறையப் பேர், இன்னும் ஆழமாக அலச வேண்டும். அதே சமயம் அது யார் கைக்கும் போய்விடக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் நம்மூரில் பலரும் நினைப்பதுபோல 'பெயரை எடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை' என்று சொல்லி அதைச் செய்ய முடியாது.

முதலில் அந்தத் தரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஊதா மூடி போட்ட ஒரு டியூபில் சில மில்லி ரத்தம். அதன்மேல் பார்கோடு. ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏ மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் கிடக்கும். அதில் கொஞ்சத்தை எடுத்து, டிஎன்ஏவைப் படிக்கும் சீக்வென்சிங் இயந்திரத்தில் ஓட்டினால் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் துண்டு துண்டாக வந்து கொட்டும். 300 கோடி எழுத்துகள், ஒவ்வொன்றையும் சுமார் 30 தடவை படித்தது. ஒரு மனிதருக்கு 100 ஜிபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பத்தாயிரம் பேர் என்றால் 1 பெட்டாபைட். ஒருவரின் மொத்த டிஎன்ஏ எழுத்துகளையும் சேர்த்து ஜீனோம் என்போம். அதையெல்லாம் அளவுகோலாக வைத்திருக்கும் மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் இவர் வேறுபடுகிறார் என்று மட்டும் எடுத்து எழுதினால் விசிஎஃப் என்ற கோப்பு கிடைக்கும். ஒரு வரி, ஓர் இடம். எந்தக் குரோமோசோம், எத்தனையாவது எழுத்து, மாதிரியில் என்ன இருக்கிறது, இவரிடம் என்ன இருக்கிறது, கடைசியில் 0/1 என்றோ 1/1 என்றோ ஒரு குறி. 0/1 என்றால் அம்மா அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த மாற்றம், 1/1 என்றால் இருவரிடமிருந்தும். இப்படி 40, 50 லட்சம் வரிகள். அந்தக் கோப்பில் எங்கே தேடினாலும் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஃபோன் நம்பர் இருக்காது.

இருந்தும் அது யாருடையது என்பது அந்த வரிகளிலேயே இருக்கிறது. ஒன்றையொன்று சாராத 30 முதல் 80 இடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாலே உலகத்தில் ஒரு மனிதரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2004இலேயே 'சயன்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். நம்மிடம் இருப்பதோ 40 லட்சம்.

2008இல் அமெரிக்காவில் நடந்தது இந்தத் துறையையே உலுக்கியது. அதுவரை, தனி மனிதரின் தரவைத்தான் பூட்டி வைக்க வேண்டும், ஆயிரம் பேரைச் சேர்த்து 'இந்த மாற்றம் இத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது' என்று போடும் பட்டியலை யாருக்கும் தரலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நில்ஸ் ஹோமர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். ஒருவரின் டிஎன்ஏ நம் கையில் இருந்தால், அவர் அந்த ஆயிரம் பேர் கூட்டத்தில் இருந்தாரா இல்லையா என்பதைச் சதவீதப் பட்டியலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நிறுவினார்கள். அது நீரிழிவு நோயாளிகளின் கூட்டமாக இருந்தால்? மனநோய் ஆய்வுக்கு வந்தவர்களின் கூட்டமாக இருந்தால்? கூட்டத்தில் இருந்தார் என்று தெரிவதே நோய் தெரிவதுதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அந்த ஆகஸ்டிலேயே பட்டியல்களைப் பொதுவெளியிலிருந்து எடுத்து, அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது.

அடுத்த அடி 2013இல். மெலிஸா கிம்ரெக், யானிவ் எர்லிக் இருவரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு. ஆணிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும், அமெரிக்காவில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் குடும்பப் பெயரும் ஒரே வழியில் பயணிக்கின்றன. வம்சாவளி தேடுபவர்கள் தங்கள் ஒய் குரோமோசோம் விவரத்தையும் குடும்பப் பெயரையும் பொதுத் தளங்களில் போட்டிருந்தார்கள். பெயரில்லாத ஆய்வுத் தரவை அதோடு பொருத்தி, வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்து, கிட்டத்தட்ட 50 பேரை யார் என்று சொல்லிவிட்டார்கள். சர்வருக்குள் நுழையவில்லை, பாஸ்வேர்டு எதையும் திருடவில்லை. எல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தவை.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே, இனிஷியல்தானே, இந்த வழி இங்கே பலிக்காதே என்று தோன்றலாம். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதைத் தமிழ்நாடு விட்டு வெகு காலமாகிறது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் நம் மரபணு ஆய்வுகளில் டியூபின் மேல் பார்கோடு ஒட்டும்போதே சமூகம், மாவட்டம், தாய்மொழி என்று பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த நாட்டில் மரபணுவும் அந்த வேலிகளுக்குள்ளேயே நிற்கிறது. பெயரிலிருந்து நாம் கழற்றி எறிந்த ஒன்றைத் தரவுத்தளம் திரும்ப ஒட்டிவிடுகிறது. ஒரு சமூகம், ஒரு மாவட்டம், ஓர் அரிய நோய், மாமன் மகளைக் கட்டியவர் என்ற நான்கு விவரம் போதும், அந்தப் பக்கத்து டீக்கடையிலேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

சமூகத்தைக் குறிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைசியர் சமூகத்தினர் சிலரிடம் ரத்தத்தில் ஒரு நொதி வேலை செய்யாதபடி மரபணுவில் மாற்றம் இருக்கிறது. சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைப்பது அந்த நொதிதான். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்த அந்த மருந்தைப் போடுவார்கள். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கி மூச்சு திரும்பிவிடும். இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகள் அசையாமல் கிடக்கும், அதுவரை வென்டிலேட்டரில்தான் வைத்திருக்க வேண்டும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மாற்றத்தைச் சரியாக அடையாளம் கண்டு 2006இல் எழுதினார்கள். இதை அறிந்த மயக்க மருந்து நிபுணர், முன்கூட்டியே கேட்டு மருந்தை மாற்றிவிடுவார். சமூகத்தின் பெயர் இங்கே உயிரைக் காக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்த விவரங்களை அழிக்கவும் முடியாது, திறந்து போடவும் முடியாது.

திறந்து போட்டால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபரில் உலகம் பார்த்தது. வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பி மரபணு பார்த்துக்கொள்ளும் அமெரிக்க நிறுவனம் 23அண்ட்மீ. வேறு தளங்களிலிருந்து கசிந்த பழைய பாஸ்வேர்டுகளையே இங்கும் போட்டுப் பார்த்து, சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். ஆனால் அங்கே மரபணு ஒத்துப்போகும் உறவினர்களைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. அதன் வழியே 69 லட்சம் பேரின் விவரங்கள் போய்விட்டன. பாஸ்வேர்டில் அலட்சியமாக இருந்தவர் ஒருவர், விவரம் போனது அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத ஐந்நூறு ஒன்றுவிட்ட சொந்தங்களுக்கு. திருடியவர்கள் விற்பனைக்கு முதலில் கொண்டுவந்தவற்றைப் பாருங்கள்: அஷ்கெனாசி யூதர்களின் பட்டியல், சீன வம்சாவளியினரின் பட்டியல். சாதிக் கலவரங்களைப் பார்த்த நமக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, அத்தனை பேரின் மரபணுவும் ஏலத்துக்கு வரும் சொத்துகளில் ஒன்றாக நின்றது.

ஆனால் திருடர்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதியைத்தான் பேசியதாகும். அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. அவர்களிடையே நீரிழிவு கடுமையாகப் பரவியிருந்தது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து ரத்தம் கேட்டார்கள். நோய்க்கு வழி பிறக்கும் என்று கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு பற்றிய ஆய்வுக்கும், உறவுக்குள் திருமணம் பற்றிய ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்டும் ஆய்வுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை, அந்த நிலத்தின் மீதான உரிமையும் அதோடு பின்னியது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்த ஃப்ரீசரை யாரும் உடைக்கவில்லை. சாவி வைத்திருந்தவர்கள்தான், முறையாகத் திறந்து, கேட்காததற்கு எடுத்தார்கள்.

ஐஸ்லாந்தின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டும். 1998 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம், எல்லாக் குடிமக்களின் மருத்துவக் குறிப்புகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கச் சட்டம் போட்டது. அதை நடத்தும் உரிமம் காரி ஸ்டெஃபான்சன் தொடங்கிய டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம். இருபதாயிரம் பேர் விலகினார்கள், மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில். ஓர் இளம்பெண் மட்டும், இறந்துபோன தன் அப்பாவின் குறிப்புகளைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டாள். இறந்தவருக்காக நீ கேட்க முடியாது என்றார்கள். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது: அப்பாவைப் பற்றி அறிவது அவளைப் பற்றியும் அறிவது, ஆகவே தடுக்க அவளுக்கு உரிமை உண்டு. அந்தத் தேசியத் தரவுத்தளம் கடைசிவரை உருவாகவே இல்லை. என் வேலையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் தீர்ப்பு இது. ஒப்புதல் படிவத்தில் ஒருவர் கைநாட்டு வைக்கும்போது அவர் பிள்ளைகளுக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும், இன்னும் பிறக்காத பேரப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வைக்கிறார். டிகோட் பிற்பாடு, ஆயிரக்கணக்கானவர்களின் ஜீனோமையும் அந்நாட்டின் வம்சாவளிப் பதிவுகளையும் சேர்த்து, ரத்தமே கொடுக்காதவர்களின் மரபணுவையும் ஊகித்துவிட முடிகிற நிலைக்கு வந்தது.

சரி, என்னதான் வழி? ஆய்வுக்காக மரபணுவையும் உடல்நல விவரங்களையும் திரட்டும் இங்கிலாந்தின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுள்ள 5 லட்சம் பேரைச் சேர்த்தது. தொடக்கத்தில், அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் தரவைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கே இறக்கிக்கொள்வார்கள். அப்படி எத்தனையோ நாடுகளின் சர்வர்களில் பிரதிகள் சேர்ந்தன. பிரதி ஒருமுறை போய்விட்டால், அங்கே யார் பார்க்கிறார்கள், ஆய்வு முடிந்ததும் அழித்தார்களா என்பதெல்லாம் அவர்கள் கொடுக்கும் வாக்குறுதிதான். 2021இல் ஆய்வுத் தளம் ஒன்றைத் திறந்தார்கள். இப்போது அங்கே போய்த்தான் வேலை செய்ய வேண்டும் என்பதே வழக்கமாகிவிட்டது. ஒரு லட்சம் ஜீனோம்களைத் திரட்டிய ஜீனோமிக்ஸ் இங்கிலாந்து அமைப்பும் அதே முறைதான். கன்னிமாரா நூலகத்தின் குறிப்புதவிப் பகுதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போக முடியாது.

நான் வேலை செய்வதும் அப்படியொரு பூட்டிய சூழலில்தான். உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு கைபேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். உள்ளே போனபின் இணையம் கிடையாது. உள்ளிருந்து காப்பி செய்து வெளியே பேஸ்ட் செய்ய முடியாது. கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டே கிடக்கும், அதைத் திறக்கும் சாவி வேறொரு சர்வரில் இருக்கும். எந்தப் பார்கோடு எந்த மனிதருடையது என்ற பட்டியல் எங்களிடம் இருக்கவே இருக்காது. மருத்துவமனைப் பக்கத்தில், வேறொருவர் பொறுப்பில். யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும். மற்ற எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது வாசலில் இருக்கும் ஏர்லாக். ஆய்வு முடிவை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அங்கே வைக்க வேண்டும். ஒரு மனிதர் அதை வரிக்கு வரி பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அந்தப் பார்வையிடும் வேலையை நானும் செய்கிறேன்.

ஒருநாள் இளைஞர் ஒருவரின் அட்டவணையைத் திருப்பி அனுப்பினேன். பிள்ளைகளுக்கு வரும் ஓர் அரிய தசை நோய். மாவட்டவாரியாக, வயதுவாரியாக எண்ணிக்கை. ஒரு கட்டத்தில் '2' என்று இருந்தது. ஐந்துக்குக் கீழே எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. தம்பி நேராக என் மேசைக்கே வந்துவிட்டான்.

"அக்கா, ரெண்டு பேர்னுதானே போட்டிருக்கேன்? பேரு இல்ல, ஊரு இல்ல."

"மாவட்டம் இருக்கேப்பா. வயசும் இருக்கு. இந்த நோய்க்கு அந்த மாவட்டத்துல எத்தனை டாக்டர் பாக்குறாங்க, யோசிச்சுப் பாரு."

"ஒருத்தர் இருந்தாலே பெரிசு."

"அந்த ஓபி வரிசைல நிக்கிற எல்லாருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சுடும். அந்த வீட்ல இன்னொரு பொண்ணு கல்யாணத்துக்கு இருந்தா?"

அவன் எதுவும் பேசவில்லை. மாவட்டங்களை மண்டலங்களாகச் சேர்த்து, வயதுப் பிரிவுகளையும் குறைத்து மறுநாள் அனுப்பினான். ஆய்வின் முடிவில் ஒரு குறையும் வரவில்லை. கல்யாணச் சந்தையைப் பற்றி எந்தச் சர்வதேச வழிகாட்டுதலிலும் நான் படித்ததில்லை. ஆனால் நம்மூரில் மரபணுத் தகவல் கசிந்தால் முதலில் அடிபடப் போவது இன்சூரன்ஸ் அல்ல, பெண் பார்க்கப் போகும் இடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தரவை நகர்த்தாமலே சேர்ந்து வேலை செய்யும் வழியும் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் ஃபின்லாந்திலிருந்து தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்தன. ஒவ்வொரு குழுவும் தன் நோயாளிகளின் மரபணுவைத் தன் இடத்திலேயே ஒரே முறையில் அலசி, சுருக்க எண்களை மட்டும் அனுப்பியது. அவற்றைச் சேர்த்து, நோய் ஏன் சிலரை மட்டும் கடுமையாகத் தாக்குகிறது என்பதோடு தொடர்புள்ள இடங்களை ஜீனோமில் கண்டார்கள். மறையாக்கத்தைப் பிரிக்காமலே உள்ளே கணக்குப் போடும் முறைகளும் வளர்ந்துவருகின்றன. பெரிய ஜீனோம்களுக்கு அவை இன்னும் மெதுவாகத்தான் ஓடுகின்றன. தொழில்நுட்பம் பற்றி இதற்கு மேல் எழுதினால் வேறு பதிவாகிவிடும்.

முழுக்கத் திறந்த தரவுக்கும் இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் ஜீனோம் திட்டம் என்ற பன்னாட்டுத் திட்டம் 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் ஜீனோமை 2015இல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள் அதில் ஒரு குழு. பொதுவெளியில் வரும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நோய் விவரம் எதுவும் அவர்களிடம் சேகரிக்கவில்லை. உலகில் எங்கோ ஒரு கல்லூரி மாணவி இன்று மரபணு அலசல் கற்றுக்கொள்கிறாள் என்றால், அவள் திறந்து பார்க்கும் கோப்பில் அவர்களும் இருப்பார்கள். பெயர் தெரியாத அந்தத் தமிழர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் அவர்களைப்போல அறிந்து கொடுப்பது வேறு, அரசு மருத்துவமனையில் ஊசி போட வந்த இடத்தில் கை நீட்டுவது வேறு.

இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் ஜீனோமைப் படித்து முடித்து, 2025 ஜனவரி 9 அன்று ஆய்வாளர்களுக்குத் திறந்தது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது அது. இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் கிடையாது. ஆய்வுத் திட்டத்தைக் காட்டி விண்ணப்பித்து, ஒப்பந்தம் போட்டுத்தான் அணுக வேண்டும். இதை நான் மனதார வரவேற்கிறேன். இதுவரை உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்திருக்கிறது. நம் உடம்புக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதற்குக்கூட அவர்களின் மரபணுதான் அளவுகோலாக இருக்கிறது. அந்த 25 எழுத்துகளின் உண்மையைத் துலக்க ஒன்பது வருடம் ஆனதும் நம்மவர்களின் தரவு போதாததால்தான் என்பது என் எண்ணம்.

சட்டம் மட்டும் பின்னால் நிற்கிறது. 2019இல் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தரவு, கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய 'சென்சிட்டிவ்' தரவு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. கடைக்காரர் வாங்கும் ஃபோன் நம்பரும் நம் ஜீனோமும் ஒரே தட்டில். ஆராய்ச்சிக்கு விதிவிலக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 2008இல் இருந்தே மரபணுவைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஒதுக்குவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது, ஓட்டை உண்டு, ஆனாலும் சட்டம் இருக்கிறது. நம்மிடம் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஆணையத்தின் சுற்றறிக்கையும்தான். ரத்தம் கொடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கும் அரசு, கொடுத்தவர்களுக்கு அந்தச் சட்டத்தையாவது முதலில் கொடுத்திருக்க வேண்டும். இதில் எனக்குக் கோபம் உண்டு.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல், ரத்தம் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடிய ஒன்று படிவத்தைத் திருத்துவது. 'எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த மாதிரி ஆய்வுக்குப் போகாது, காப்பீட்டுக்கும் போலீசுக்கும் தர மாட்டோம், தனியார் நிறுவனம் கேட்டால் யார் முடிவு செய்வார் என்பதையெல்லாம் பேச்சுத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். விலகுவதைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். யுகே பயோபேங்க், யாராவது விலகினால் அவர்களின் குறியீட்டு எண்களை ஆய்வாளர்கள் அனைவருக்கும் அனுப்பிவிடும். நாங்களும் அப்படிப் பட்டியல் வந்த அன்றே அந்த எண்களை நீக்கிவிட்டுத்தான் அடுத்த கணக்கை ஓட்டுகிறோம். ஏற்கெனவே அச்சான கட்டுரையில் சேர்ந்துபோன எண்ணிலிருந்து அவரைப் பிரித்து எடுக்க முடியாது. ஃப்ரீசரில் இருக்கும் டியூபை அழிக்க முடியும், சர்வரில் இருக்கும் கோப்பை அழிக்க முடியும், அந்த ஒன்றை மட்டும் முடியாது. இந்த மூன்று வரிகளும் படிவத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டும், யாரிடம் ஃபோன் செய்து விலகலாம் என்ற எண்ணோடு.